தியேட்டருக்குள் போகும் டி.என்.ஆர்.

82 வயது மூதாட்டி. இதயம் பலவீனம், பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும். இதயம் நின்றுபோனால் நெஞ்சை அமுக்கி, ஷாக் வைத்து, தொண்டையில் டியூப் போட்டு இழுத்துப் பிடிக்க வேண்டாம் என்று தன் டாக்டரிடம் தீர்மானமாகச் சொல்லியிருக்கிறார். கேஸ் ஷீட்டிலும் அது ஏறிவிட்டது. அப்படிப்பட்டவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார். ஆபரேஷன் செய்யாவிட்டால் படுத்த படுக்கை, புரண்டு படுக்க விடாத வலி, படுக்கைப்புண், நெஞ்சில் சளி. செய்தால் வலி அடங்கும். வாக்கரைப் பிடித்து நாலடி நடக்கவும் கூடும். ஆபரேஷனுக்குச் சரி என்கிறார். அப்படியானால் கேஸ் ஷீட்டில் இருக்கும் அந்த வரி என்ன ஆகும்?

நான் சொன்னது கற்பனை நோயாளி. கேள்வி கற்பனையல்ல. அமெரிக்க மயக்க மருத்துவர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். 1990-களுக்கு முன்பு அங்கே விடை சுலபமாக இருந்தது: தியேட்டர் கதவைத் தாண்டியதும் ‘உயிர்மீட்பு வேண்டாம்’ என்ற டி.என்.ஆர். உத்தரவு தானாகவே ரத்து. யாரும் நோயாளியிடம் கேட்பதில்லை. 1991-இல் சிந்தியா கோஹன், பீட்டர் கோஹன் இருவரும் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இதை எதிர்த்து எழுதினார்கள். அதே ஆண்டில் ஹார்வர்டின் ராபர்ட் ட்ரூக், மயக்க மருத்துவர்களின் சொந்த இதழிலேயே அதே கேள்வியை எழுப்பினார். ரத்தும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு அப்படியே தொடரவும் வேண்டாம். ஆபரேஷனுக்கு முன் நோயாளியோடு உட்கார்ந்து உத்தரவைக் கட்டாயம் மறுபரிசீலனை செய்யுங்கள் என்பது கோஹன்களின் யோசனை. 1993-இல் அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கமும், அடுத்த ஆண்டு அறுவை மருத்துவர் கல்லூரியும் அதை ஏற்றன. பிரிட்டனில் 2009-இல் வந்த வழிகாட்டுதலும் இதே பாதையில்தான் போனது. 2022-இல் அது புதுப்பிக்கப்பட்டது.

காகிதத்தில் வழக்கு முடிந்துவிட்டது. நடைமுறையில் முடியவில்லை. முடியாததற்குக் காரணம் டாக்டர்களின் பிடிவாதம் மட்டும்தானா, அல்லது அந்தக் கொள்கையிலேயே ஒரு ஓட்டை இருக்கிறதா என்பதுதான் இங்கே எடைபோட வேண்டியது.

முதலில் ரத்துக் கட்சியின் வாதத்தை அதன் முழு பலத்தோடு கேட்டுவிட வேண்டும். அது பலர் நினைப்பதுபோல் வெறும் அதிகார வாதமல்ல. நெஞ்சை அமுக்கி உயிர்மீட்கும் சிபிஆர் என்ற சிகிச்சைக்கும் தியேட்டருக்கும் தொப்புள்கொடி உறவு உண்டு. 1960-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் மூவரும் (முதலாமவர் டாக்டரே அல்ல, மின்பொறியாளர்) மார்பைத் திறக்காமல் வெளியிலிருந்து அமுக்கியே இதயத்தை ஓடவைக்க முடியும் என்று எழுதினார்கள். அவர்கள் காட்டிய 20 நோயாளிகளில் 14 பேர் பிழைத்தார்கள். அவர்களில் பலர் மயக்க மருந்தின்போது இதயம் நின்றவர்கள். அடிப்படையில் உடல் தேறக்கூடியவர்கள், பக்கத்திலேயே டாக்டர். பின்னால் அதே சிகிச்சை வார்டுகளுக்குப் பரவி, புற்றுநோய் முற்றிச் சாகிறவர்களின் விலா எலும்புகளையும் முறிக்கத் தொடங்கியது. அதற்கு எதிர்வினையாகத்தான் 1970-களில் டி.என்.ஆர். பிறந்தது. ஆக, டி.என்.ஆர். என்பது வார்டின் அனுபவத்துக்குச் சொன்ன பதில். அதைத் தியேட்டருக்குள் கொண்டுவராதீர்கள் என்கிறது ரத்துக் கட்சி.

எண்களும் அவர்கள் பக்கம் சாய்கின்றன. பிரிட்டனின் ராயல் மயக்க மருத்துவர் கல்லூரி 2023-இல் வெளியிட்ட ஏழாவது தேசியத் தணிக்கையில், அறுவையை ஒட்டி இதயம் நின்றுபோவது ஏறக்குறைய 3,000 பேரில் ஒருவருக்கு. ஆராயப்பட்ட 881 பேரில் முக்கால்வாசிப் பேருக்கு இதயத்தை மீண்டும் ஓடவைக்க முடிந்தது. வார்டில் இதயம் நின்றவர்களில் வீடு திரும்புகிறவர்கள் நாலில் ஒருவர் அளவுக்கே.

இன்னும் ஆழமான வாதம் ஒன்று உண்டு. மயக்கம் கொடுப்பதே, ஒரு வகையில், நோயாளியைச் சாவின் திசையில் கொஞ்சம் தள்ளிவிட்டுப் பிடித்துக்கொண்டிருப்பதுதான். முதுகில் ஊசி போட்டதும் ரத்த அழுத்தம் இறங்கும். எபெட்ரின் கொடுத்து ஏற்ற வேண்டும். முழு மயக்கம் என்றால் மூச்சே நிற்கும். டியூப் போட்டு மெஷின்தான் மூச்சு விடும். டி.என்.ஆர். படிவத்தில் ‘வேண்டாம்’ என்று டிக் அடித்த பாதிச் சமாசாரங்கள் தியேட்டரில் தினசரி வேலை. அப்படியிருக்க எதை உயிர்மீட்பு என்பது, எதை மயக்கம் என்பது? நான் கொடுத்த மருந்தால் இறங்கிய அழுத்தத்தை நான் ஏற்றக் கூடாதா என்று கேட்கிறார் மயக்க மருத்துவர். நியாயமான கேள்வி.

ஆனால் இவை எதுவும் ‘கேட்காமல் ரத்து செய்யலாம்’ என்ற முடிவுக்கு வந்து சேர்வதில்லை. டியூபும் எபெட்ரினும் மயக்கத்தின் அங்கம் என்றால், அதை ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட்டால் போயிற்று. அந்த 82 வயதுக்காரருக்கு அது புரியாத விஷயமல்ல. முக்கால்வாசிப் பேர் மீண்டார்கள் என்ற எண் எல்லா வயதினரையும் எல்லா அறுவைகளையும் கூட்டி எடுத்தது. பலவீன இதயத்தோடு மேசை ஏறுகிறவரின் வாய்ப்பு அதுவல்ல. அதைவிட முக்கியம், மீண்டார்கள் என்றால் இதயம் ஓடியது என்றுதான் பொருள். அந்த மூதாட்டி பயந்தது இதயம் நிற்பதற்கல்ல, ஓடிய பிறகு வரப்போகும் நாட்களுக்கு. ‘என் மருந்தால் நின்றது’ என்ற வாதம் டாக்டரின் மனச்சுமையைப் பற்றியது. மனச்சுமை பொய்யல்ல, ஆனால் அதை இறக்கிவைக்க நோயாளியின் உடலைப் பயன்படுத்த முடியாது. தானியங்கி ரத்து இங்கேயே தோற்கிறது. 1993-லேயே தோற்றுவிட்டது என்பதுதான் சரி.

அதற்கு மாற்றாக வந்த வழிகள் இரண்டு. ஒன்று பட்டியல் வழி: நெஞ்சை அமுக்கலாமா, ஷாக் கொடுக்கலாமா, டியூப் போடலாமா, எந்தெந்த மருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொள்வது. இன்னொன்று நோக்க வழி: 1999-இல் ட்ரூக்கும் சகாக்களும் விரித்துச் சொன்னது. நோயாளி எதற்காக மேசை ஏறுகிறார், எந்த நிலையில் வாழ்வதை ஏற்க மாட்டார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, நொடிப்பொழுது முடிவுகளை மயக்க மருத்துவரின் கையில் விட்டுவிடுவது. சட்டென்று சரிசெய்யக்கூடிய கோளாறு என்றால் சரிசெய். நீண்ட கால மெஷின் வாழ்க்கைக்குக் கொண்டுபோய் விடும் என்றால் நிறுத்து.

இரண்டையும் நம் நோயாளியின் மேசையிலேயே சோதித்துப் பார்க்கலாம். முறிந்த தொடையெலும்புத் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலையைப் பொருத்தப்போகிறார்கள். அதற்கு எலும்புக் குழாய்க்குள் சிமென்டைச் செலுத்த வேண்டும். செலுத்துவதற்கு முன் அறுவை மருத்துவர் “சிமென்ட்” என்று குரல் கொடுப்பார். மயக்க மருத்துவரின் கண் உடனே மானிட்டரில் நிற்கும். அந்தச் சில நிமிடங்களில் எலும்புக் குழாயின் அழுத்தத்தால் கொழுப்பும் மஜ்ஜைத் துணுக்குகளும் ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்குப் போகலாம். ஆக்சிஜன் இறங்கலாம், ரத்த அழுத்தம் சரியலாம், அபூர்வமாக இதயமே நின்றுபோகலாம். அழுத்தம் சரிகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் வழிக்காரர் தாளைப் புரட்டுகிறார்: ‘நெஞ்சை அமுக்கக் கூடாது’ என்று இருக்கிறது. இரண்டு நிமிடம் அமுக்கி ஒரு ஊசி போட்டால் மீளக்கூடிய கணமாக அது இருந்தாலும் கை கட்டப்பட்டிருக்கிறது. பட்டியல் எழுதியபோது சிமென்டைப் பற்றி யாரும் நினைத்தே பார்க்கவில்லை. எல்லா விபத்துகளையும் முன்கூட்டியே எழுதிவைக்க எவராலும் ஆகாது. நோக்க வழிக்காரர் மருந்து கொடுக்கிறார், இரண்டு நிமிடம் அமுக்கவும் செய்கிறார். மீண்டால் நல்லது, இருபது நிமிடம் ஆகியும் மீளவில்லை என்றால் நிறுத்துகிறார். தியேட்டருக்குள் நோக்க வழிதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அதற்கு விலை இருக்கிறது. நோக்கத்தை யார் புரிந்துகொண்டார்கள் என்பதில்தான் எல்லாம் நிற்கிறது. முந்தைய நாள் மாலை வந்து பல் ஆடுகிறதா, சர்க்கரை உண்டா, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் போன மயக்க மருத்துவரே மறுநாள் காலை மேசையருகே நிற்பார் என்று சொல்ல முடியாது. நடுவில் ஷிப்ட் மாறலாம். வாய்மொழியாகச் சொன்ன நோக்கம் கைமாறும்போது சுருங்கி, ‘பேஷன்ட் டி.என்.ஆர்., பார்த்துக்கோங்க’ என்று முடிந்துவிடும். பட்டியல் வழிக்கு இந்தப் பலவீனம் இல்லை. முட்டாள்தனமானதாக இருந்தாலும் அது யார் கையிலும் ஒரே மாதிரி வாசிக்கப்படும். அதன் அருமையை ஒதுக்கிவிடக் கூடாது. கீழே அது தேவைப்படும்.

இந்த முப்பது ஆண்டு விவாதத்தில் எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. எல்லோரும் தவறான மணி நேரத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள். மேசையில் இதயம் நிற்பது அபூர்வம். டி.என்.ஆர். நோயாளிகள் எப்போது இறக்கிறார்கள்? அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரியின் தரவுத் தொகுப்பிலிருந்து டி.என்.ஆர். இருந்தவர்கள் 4,128 பேரையும் அவர்களுக்கு ஒத்த நிலையில் அது இல்லாத 4,128 பேரையும் ஒப்பிட்டு 2011-இல் ஓர் ஆய்வு வெளியானது. 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் முதல் கூட்டத்தில் 23.1 சதவீதம், இரண்டாவதில் 8.4. இந்த இறப்புகளில் மிகப் பெரும்பாலானவை ‘சிமென்ட்’ என்று குரல் கொடுக்கும் கணத்தில் நிகழ்பவையல்ல. நான்காம் நாள் நிமோனியா, ஏழாம் நாள் சிறுநீரகம், பன்னிரண்டாம் நாள் கழுத்தில் துளை போடலாமா என்ற கேள்வி, இப்படிப் பின்வரும் நாட்களில் நிகழ்பவை.

அடுத்த ஆண்டு வந்த இன்னோர் ஆய்வு அவசர வயிற்று அறுவைக்கு உள்ளான முதியவர்களைப் பார்த்தது. டி.என்.ஆர். இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வந்தன. சாவு மட்டும் முதல் கூட்டத்தில் கூடுதல். சிக்கல் வந்த பிறகு மீட்க முனைந்த அளவில்தான் வித்தியாசம் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் முடிவு கட்டினார்கள். இதை இரண்டு விதமாக வாசிக்கலாம். நோயாளியின் விருப்பப்படி நின்றுகொண்டார்கள் என்று ஒன்று. டி.என்.ஆர். என்ற மூன்றெழுத்தைப் பார்த்ததும், அவர் மறுக்காத சிகிச்சையைக்கூட மெல்லக் கைவிட்டார்கள் என்று மற்றொன்று. எது என்று அந்த எண்களால் சொல்ல முடியாது. கேஸ் ஷீட்டில் மூன்றெழுத்துக்கு மேல் ஏதாவது எழுதியிருந்தால் சொல்லியிருக்கலாம்.

மறுபக்கத்தில் இன்னொரு கோளாறு. அறுவை மருத்துவர்கள் சொல்லாமலே ஒரு ஒப்பந்தத்தை வைத்துக்கொள்கிறார்கள் என்று விஸ்கான்சினின் அறுவை மருத்துவர் மார்கரெட் ஷ்வார்ட்ஸ் 2010-இல் எழுதினார். கத்திக்குச் சம்மதித்தாய் என்றால் அதற்குப் பின்னால் வரும் வென்டிலேட்டர், டயாலிசிஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்தே சம்மதித்தாய் என்பது அந்த ஒப்பந்தம். நோயாளிக்கு அப்படி ஒன்று கையெழுத்தானதே தெரியாது. அவர் குழுவினர் 2012-இல் வெளியிட்ட தேசிய ஆய்வில், அறுவைக்குப் பிந்தைய உயிர்காப்புக்கு வரம்பு வைத்திருக்கும் நோயாளிக்குப் பெரிய ஆபரேஷன் செய்ய மறுப்போம் என்றவர்கள் 54 சதவீதம்.

இந்த 54 சதவீதத்தைக் கண்டிப்பது எளிது. நான் பாதிதான் கண்டிப்பேன். பைபாஸ் வேண்டும், ஆனால் ஒரு மணி நேரம்கூட வென்டிலேட்டர் கூடாது என்று ஒருவர் சொன்னால், அவர் கேட்பது இல்லாத ஒரு ஆபரேஷனை. மறுக்கிற டாக்டர் சரி. ஆனால் பத்து நாள் வென்டிலேட்டருக்குப் பிறகு நிறுத்திவிடுங்கள் என்று ஒருவர் சொன்னால் ஆபரேஷன் ஒன்றும் கெட்டுவிடுவதில்லை. கெடுவது டாக்டரின் 30 நாள் இறப்புக் கணக்கு. அந்தக் கணக்கு அமெரிக்காவில் அறுவைத் துறைகளின் தர அளவுகோல். 29-ஆம் நாள் போகிற உயிரை 31-ஆம் நாள்வரை தாக்காட்டும் உந்துதல் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆக, நோயாளி வைக்கும் வரம்பு ஆபரேஷனையே நடத்த முடியாததாக்கினால் டாக்டர் மறுக்கலாம். அதையும் முன்பே சொல்லி, வேறு வழி காட்டிவிட்டு மறுக்க வேண்டும். டாக்டரின் எண்ணிக்கையை மட்டும் கெடுக்கும் வரம்பை மறுக்க அவருக்குக் காரணம் ஏதும் கிடையாது.

இப்போது அந்த ஓட்டைக்கு வரலாம். அமெரிக்க மயக்க மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் அறுவைக்குப் பிந்தைய நாட்களைப் பற்றி மௌனமாக இல்லை. அசல் உத்தரவு எப்போது திரும்ப உயிர்பெறும் என்று பதிவு செய்யச் சொல்கிறது. கால வரம்போடு ஒரு சிகிச்சைச் சோதனை பயன்படுமா என்று யோசிக்கவும் சொல்கிறது. யோசிக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வதுதான் குறை. மேசையின் இரண்டு மணி நேரத்துக்குக் கட்டாய உரையாடல். அதற்குப் பின் வரும் முப்பது நாட்களுக்கு ஒரு பரிந்துரை. அளவு தலைகீழ்.

என் தீர்ப்பு: கட்டாய மறுபரிசீலனை சரியான கொள்கை, ஆனால் பாதி வேலையில் எழுந்துபோய்விட்ட கொள்கை. தியேட்டருக்குள் நோக்கம் ஆளட்டும், ஏனெனில் அங்கே கண்ணெதிரே நிற்கும் ஒருவர் நொடிகளில் முடிவெடுக்கிறார். ஐ.சி.யூ.வில் பட்டியல் ஆளட்டும், ஏனெனில் அங்கே இரவு இரண்டு மணிக்கு முடிவெடுப்பவர் நோயாளியை அதற்கு முன் பார்த்தே இராதவர். மேலே பட்டியலின் குறையாக இருந்ததே அங்கே அதன் தகுதியாகிறது. நம் மூதாட்டியின் கேஸ் ஷீட்டில் இருக்க வேண்டியது ஏறத்தாழ இப்படி: ‘மேசையில் நேரும் கோளாறைச் சரிசெய்யலாம். வென்டிலேட்டர் ஐந்து நாள்வரை. ஆறாம் நாள் காலை மகளோடு உட்கார்ந்து பேச வேண்டும். கழுத்தில் துளை, டயாலிசிஸ் வேண்டாம். ஆன்டிபயாடிக், வலி மருந்து, ரத்தம் கசிந்தால் மறுபடி திறந்து பார்ப்பது எல்லாம் உண்டு.’ கடைசி வரி மற்ற வரிகள் அளவுக்கே முக்கியம். அவசர வயிற்று அறுவை ஆய்வு எழுப்பிய சந்தேகத்துக்கு அதுதான் காப்பு. ஐந்து நாள் என்பது வேதவாக்கல்ல, அவர் நுரையீரலையும் அவர் மனத்தையும் பார்த்து முடிவு செய்வது. ஒரு தேதி இருக்க வேண்டும் என்பதில்தான் விட்டுக்கொடுக்க இடமில்லை.

தேதி வைத்தால் டாக்டர்கள் அதுவரை அரைமனதாக உழைப்பார்கள் என்று ஒரு பயம் உண்டு. எனக்கு எதிர்மாறாகத்தான் தோன்றுகிறது. முடிவே இல்லாத ஐ.சி.யூ. வாசத்துக்குப் பயந்து ஆபரேஷனையே வேண்டாம் என்பவர்கள், வெளியே வரும் வாசல் தெரிந்தால் உள்ளே போகத் துணிவார்கள்.

நம் ஊருக்கு இது எப்படிப் பொருந்தும்? நம் சட்டம் இதே விஷயத்தை வேறு வாசல் வழியாக அணுகியது. 2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ விருப்பத்தை அங்கீகரித்தது. முதலில் மாஜிஸ்திரேட் முன்னிலையில் என்றிருந்த கெடுபிடியை 2023 ஜனவரியில் தளர்த்தி, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ போதும் என்றார்கள். மருத்துவக் குழுக்கள் 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொன்னால் நல்லது என்றார்கள். இவ்வளவும் தீராத நோயின் கடைசிக் கட்டத்தில், உயிர்காப்பை விலக்கும் நேரத்துக்கு. குணமாகவும் கூடும், ஆகாமலும் போகலாம் என்ற நிலையில் மேசை ஏறுகிறவருக்கு அந்த ஏற்பாடு சரியான அளவில் தைத்த சட்டையல்ல.

அவருக்கு அதைவிட நெருக்கமான தீர்ப்பு 2008 ஜனவரியில் வந்தது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணின் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும், வெளியே இருந்த தாயிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தற்காலிகமாக மயக்கத்தில் இருக்கும் வயதுவந்த ஒருவருக்குப் பதிலாக அவர் தாய்கூடச் சம்மதிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். உயிராபத்து என்ற விதிவிலக்கைக் காட்டி டி.என்.ஆரை மீறலாமே என்று வாதிடுவார்கள். எடுபடாது. அந்த விதிவிலக்கு நோயாளியின் மனம் தெரியாதபோது. முன்பே வேண்டாம் என்று சொன்னவரின் மனம் தெரிந்த மனம்.

தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் வராந்தாவில் நடப்பது மாறவில்லை. கன்சென்ட் ஃபார்ம் மகனிடம் போகிறது. ‘ஹை ரிஸ்க்’ என்று ஒரு சீல். “அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லிடாதீங்க டாக்டர், பயந்துருவாங்க.” உள்ளே கட்டிலில், நல்ல நினைவோடு, வங்கிக் கணக்கைத் தானே பார்த்துக்கொண்டிருந்த அம்மா. அன்பால் செய்வதுதான், அதனால் சரியாகிவிடாது. அவர் பயப்படுவாரா என்பதையும் அவரிடமே கேட்கலாம்.

நம்மிடம் சிகிச்சைக்கு வரம்பு வைக்கும் பழக்கமே இல்லை என்று சொல்வது பாதி உண்மை. வரம்பு விழுந்துகொண்டுதான் இருக்கிறது. எட்டாம் நாள் ஐ.சி.யூ. பில்லைப் பார்த்ததும், நகை அடகுக்குப் போனதும், துபாயிலிருந்து வந்த மூத்தவர் கையை விரித்ததும், ‘எங்கள் விருப்பத்தின்பேரில் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறோம்’ என்று எழுதிக்கொடுத்து, ஆம்புலன்ஸில், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஒரு ஆம்பு பையோடு கிளம்புகிறார்களே, அது என்ன? வரம்பை வைத்தது நோயாளியும் அல்ல, டாக்டரும் அல்ல, பணம். வலி மருந்துக்குக்கூட ஏற்பாடு இல்லாமல், எல்லோருக்கும் குற்ற உணர்ச்சியோடு வைக்கப்பட்ட வரம்பு. முன்கூட்டிய திட்டமிடல் மேல்நாட்டுத் தனிமனித மோகம், நம் குடும்பங்களுக்கு ஒத்துவராது என்பவர்கள் இதையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். மகளோ மகனோ பேச்சில் உட்காரட்டும், உட்காரத்தான் வேண்டும். அந்தப் பேச்சு எட்டாம் நாள் பில்லிங் கவுண்டர் முன்னால் நடக்காமல், ஆபரேஷனுக்கு முந்தைய நாள் கட்டிலருகே, அம்மாவும் கேட்கும்படி நடக்கட்டும்.

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். 2008 தீர்ப்பும் சம்மதப் படிவத்தில் கூடுதலாக ஒரு பக்கமும் போதும். இல்லாதது நேரம். அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 2016 முதல் இந்த உரையாடலுக்கென்றே டாக்டருக்குக் கட்டணம் கொடுக்கிறது. நம் மருத்துவமனை பில்லில் பஞ்சு முதல் கையுறைவரை தனித்தனி வரி இருக்கும். மயக்க மருத்துவர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியதற்கென்று ஒரு வரியை நான் இதுவரை பார்த்ததில்லை. அந்த வரி வராதவரை எந்த வழிகாட்டுதலும் வராந்தாவைத் தாண்டி உள்ளே போகாது.